சித்தெ இரு, கண்ணு

பைப்பு வாங்கீட்டு வர்றேன் அப்பாருன்னு நீ போன்ல சொன்னப்ப எனக்கு வகுறு குளுந்துபோச்சு கண்ணு. கெழக்கு வரப்போரம் நிக்கற இருபது தென்னைக்குச் சொட்டுநீர் போடறக்கு ஒண்ணரை இஞ்சுப் பைப்பு வேணும்னு உங்கொப்பன்கிட்ட மூணு வருசமாக் கேட்டுட்டு இருக்கறேன். அவன் காதுலயே போட்டுக்கலே. பேரன் பெங்களூருல இருந்து வாங்கியாறான்னு உன்ற ஆத்தாகிட்டப் பெருமை பேசி, பம்புசெட்டுக் கொட்டாயைக் கூட்டி எடம் பண்ணி வெச்சேன். நீ என்னடான்னா காருல இருந்து எறங்கி, வெல்வெட்டுப் பையைத் தொறந்து, இத்துனூண்டு வளைஞ்ச சாமானை எடுத்து நீட்டறே. 12,000 ரூபாயாம். இதுல எத்தனை தென்னைக்குத் தண்ணி பாயுமுங்கோ சாமி?

சரி, உக்காரு. வெத்தலைப் பொட்டியை அக்கட்ட தள்ளு. நேத்துப் பொழுதெறங்குனதுல இருந்து நீ அதோட படற பாட்டை இந்தக் கட்டல்ல படுத்துட்டே பாத்தேன். உன்ற ஆத்தா சாமிக்கு வெளக்குப் பத்த வெக்கறக்கு வெச்சிருந்த தீப்பெட்டி காலி. கட்டுத்தரையில எருமை ரெண்டு தடவை தும்முச்சு. ரயில் எஞ்சினாட்ட நீ புஸ்ஸு புஸ்ஸுன்னு விட்டதுல கொசுவெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒறம்பறை போயிருச்சு, அது ஒண்ணுதான் லாபம். காத்தால இட்டிலிக்குச் சட்டினி வேண்டாம், தயிரு போதும்னே. நாக்கு வெந்துபோச்சுன்னு ஆத்தாளுக்கு வேணா தெரியாம இருக்கலாம்.

ஆரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா போனை நீட்டறே. அதுல ஒரு தாடிக்காரன் பேசறான், பேசறான், பேசிட்டே இருக்கறான். ஏட்டுச் சொரைக்காய் கறிக்கு ஆவாது கண்ணு. சொரைக்காய்ன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது, அதுக்கு அப்பறம் வர்றேன்.

உன்ற அப்பாரு மாடு மேச்சான், மஞ்சள் போட்டான், அவனுக்கென்ன பைப்பைப் பத்தித் தெரியும்னு தானே நெனைச்சே? 1959-ல எனக்கு 14 வயசு. எங்கய்யனுக்குக் கடன் கழுத்து மட்டும் வந்திருந்துச்சு. பொள்ளாச்சி சந்தையில பாத்த ஒரு கங்காணி என்னைய வால்பாறைக்குக் கூட்டீட்டுப் போனாரு. ஆழியாத்து அணை அப்ப கட்டி முடிக்கலே. 40 கொண்டை ஊசி வளைவுலயும் நான் வாந்தி எடுத்தேன், ஒண்ணு பாக்கி வெக்கலே. மேல போனதும் பெரிய தொரை பங்களாவுல எடுபிடி வேலை. பட்லருக்குக் கீழ, நாய்க்குக் கொஞ்சம் மேல.

தொரை சுவத்துல ஒரு சின்ன மரத்தட்டு. அதுல வரிசையா ஏழு பைப்பு. திங்கக்கெழமைக்கு ஒண்ணு, செவ்வாய்க்கு ஒண்ணு. இவனுக்கு மட்டும் வாயி ஏழா இருக்குமோன்னு நான் நெனைச்சேன். பட்லருதான் சொன்னாரு, ஒரு தடவை புடிச்ச பைப்பு உள்ளார ஈரங் கோத்துக்கும், அது காயறக்கு ஒரு நாளாவது ஓய்வு குடுக்கோணும், இல்லீன்னா புளிச்சுப்போகும்னு. ஏர் மாட்டுக்கே நாம அந்த ஓய்வு குடுக்கலையேன்னு தோணுச்சு, சொல்லலே. நீ நேத்து ஒரே பைப்புல நாலு தடவை பத்த வெச்சே. அது அழுவாம என்ன பண்ணும்? கொரகொரன்னு சத்தம் கேட்டுச்சே, அது அழுகைதான்.

தொரையோட பைப்பைக் கழுவறதும் தொடைக்கறதும் என்ற சோலின்னு ஆச்சு. அங்க நான் பண்ணுன காரியத்தைக் கேட்டா உன்ற வெசனம் பாதி கொறையும். மொத வாரம், நல்ல பேரு வாங்கோணும்னு ஆசை. பைப்புக்குள்ள பாத்தா ஒரே கரி. தேங்கா நாருல சாம்பலைத் தொட்டு, அஞ்சு பைப்பை உள்ளயும் வெளியயும் வெங்கலச் சொம்பாட்டத் தேச்சு, சுடுதண்ணியில அலசி, அதிசயமா அடிச்ச வெயில்ல கவுத்தி வெச்சேன். தொரை வந்தாரு. பாத்தாரு. மூஞ்சி செவந்துச்சு. ஆனா கத்தலே. மிச்சமிருந்த ரெண்டுல ஒண்ணை எடுத்தாரு, பொகையிலையைப் போட்டாரு, அமுக்குனாரு, பத்த வெச்சாரு, குச்சியை ஆட்டி அணைச்சாரு. நான் நின்னுட்டே இருக்கறேன். கடைசியில, "பையா, அந்தக் கரி ஏழு வருசம்" அப்படீன்னாரு. அவ்வளவுதான்.

அந்தக் கரி அழுக்கில்லே கண்ணு. தோசைக்கல்லு பழகற மாதிரி பைப்பும் பழகோணும். கரி ஏறுனாத்தான் நெருப்பு மரத்தைத் தொடாது. அதுக்குத்தான் புதுப் பைப்புல மொத எட்டுப் பத்துத் தடவை பாதி மட்டும் நெரப்பி, நெதானமா அடி வரைக்கும் புடிக்கறது. அதுக்காகக் கரியை அப்படியே வளர விட்டறவும் கூடாது. ஒத்தை ரூபாக் காசு கனத்துக்கு மேல போனாச் சொரண்டீரோணும். கரி சூட்டுல விரியும், மரம் அந்தளவுக்கு விரியாது, பைப்பு படக்குன்னு வெடிக்கும்.

மரம்னாத் தேக்கோ ஈட்டியோன்னு நெனைக்காதே. அது வேருக்கட்டை. மத்தியதரைக் கடலோரத்துல, எத்தாலி, பிரான்சு, கிரீசுப் பக்கம் பாறைச் சந்துல மொளைக்கற ஒரு பொதர்ச் செடி. அதோட வேருக்கு மேல திரண்டு நிக்கற முண்டு 30 வருசத்துக்கு மேல வளரோணும். வெட்டி, தண்ணியில கொதிக்க வெச்சு, மாசக் கணக்கா நெழல்ல காயப்போட்டுத்தான் கொடைவாங்க. பிரான்சுல செயின்ட் குளோடுன்னு ஒரு மலையூரு, ஒரு காலத்துல அந்த ஊருக்கே இதுதான் பொழப்பு. பொறுமையில்லாத கட்டையா இருந்தாப் பொகையிலைக்கு முந்தி அது எரிஞ்சு போகும். அப்பேர்ப்பட்ட கட்டையைத்தான் நேத்து நீ திண்ணைக் கல்லுத்தூணுல டொக்கு டொக்குன்னு தட்டிச் சாம்பல் கொட்டுனே. சூடா இருக்கயிலயே வாய்க்குழாயைத் திருகிக் கழட்டவும் பாத்தே. சூட்டுல திருகுனா உள்ளார போற மொளை ஒடஞ்சு அங்கயே நின்னுக்கும். அப்பறம் 12,000 ரூபாயையும் ஆத்தா பொம்மைக்குப் பக்கத்துல அலமாரியில வெச்சுக் கும்பிடலாம்.

பைப்புக்கு வேருக்கட்டைதான் வேணும்னும் இல்லே. அமெரிக்காவுல மிசௌரின்னு ஒரு சீமை. அங்க வாஷிங்டன்னு ஒரு சின்ன ஊருல 1869-ல இருந்து மக்காச்சோளக் கருதோட சக்கையில பைப்புப் பண்றாங்களாமா. நாம கருதை உருட்டிட்டு சக்கையை அடுப்புல எறியறமே, அதேதான். மெக்கார்தர்னு பெரிய ஜெனரலு, அந்தச் சோளச் சக்கையை வாயில வெச்சுட்டுத்தான் போட்டோவுக்கு நிப்பாரு. நம்ம தோட்டத்துல போன தை மாசம் நாலு வண்டி சக்கை கெடந்துச்சு. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இப்பச் சொரைக்காய்க்கு வர்றேன். நீ வளைஞ்சதாப் பாத்து வாங்குனது எதுக்குன்னு எனக்குத் தெரியும். ஷெர்லாக் ஹோம்சு. உன்ற தங்கச்சி அந்தப் பொஸ்தகம் பூராப் படிச்சுட்டு எனக்குக் கதை சொல்லீருக்கறா. கதையில அந்தாளு புடிச்சது மண்ணுப் பைப்பு, வேருக்கட்டைப் பைப்பு, செர்ரி மரப் பைப்பு. வளைஞ்சதை அவரு வாயில வெச்சது வில்லியம் ஜில்லெட்டுங்கற அமெரிக்க நாடகக்காரரு, 1899-ல. அப்பறம் வந்தவங்க படத்துலயெல்லாம் பெருசா வாயைப் பொளந்துட்டு நிக்குதே ஒரு பைப்பு, அது என்னங்கறே? சொரைக்குடுக்கை! நம்ம சாளைக் கூரை மேல படந்து காய்க்குதே, அதே சாதிக் காயி. தென்னாப்பிரிக்காவுல தரையில போட்டுக் கழுத்து வளையற மாதிரி வளத்து, காயவெச்சு, மேல கிண்ணம் பொருத்துவாங்க. பெரியவங்க கறிக்கு ஆவாதுன்னு மட்டுந்தான் சொன்னாங்க, பைப்புக்கு ஆவாதுன்னு சொல்லலே.

அதே ஹோம்சு 1887-ல வந்த மொதக் கதையிலயே சாம்பலைப் பாத்துட்டு, கொலைகாரன் புடிச்சது திருச்சினாப்பள்ளிச் சுருட்டுன்னு கண்டு புடிக்கறாரு. நம்ம திருச்சிதான். சுருட்டுங்கற சொல்லையே இங்கிருந்து கொண்டுபோயித்தான் வெள்ளைக்காரன் செரூட்டுன்னு வெச்சுக்கிட்டான். நீ அவனைப் பாத்துப் பைப்பு வாங்கறே, அவன் நம்மளைப் பாத்துச் சுருட்டுக்குப் பேரு வெச்சான். யாவாரம் நல்லாத்தான் நடந்திருக்குது.

சரி, பொகையிலை டப்பாவைக் குடு. ம்ம்... ஐஸ்கிரீம் வாசம் வருது. கையில ஒட்டுது பாரு. நம்ம பக்கம் வாய்ப்பொகையிலைக்குக் கருப்பட்டித் தண்ணி தெளிப்பாங்கல்ல, அதே வேலைதான், அவன் சக்கரைப்பாகும் வெண்ணிலாவும் ஏத்தீருக்கறான். உன்ற நாக்கைச் சுட்டது நெருப்பில்லே சாமி, இந்த ஈரம். இட்டிலிக் கொப்பரையைத் தொறக்கையில ஆவி எப்படிச் சுடும்? அந்த ஆவியை நீ குழாய் வெச்சு நாக்குக்கு நேராப் பாய்ச்சியிருக்கறே. பொகையிலை புட்டு மாவுப் பதத்துல இருக்கோணும். புடிச்சாப் புடிக்கோணும், விரல்ல உதுத்தா உதுரோணும். பேப்பருல பரத்தி அரை மணி நேரம் காத்தாடப் போடு. வால்பாறையில மழை மாசம் பூரா இதுக்குன்னே அடுப்பு மேட்டுல ஒரு தட்டத்தை வெச்சுட்டு நான் காவல் இருப்பேன். தொரைக்கு லத்தாக்கியான்னு ஒண்ணு பிரியம். சிரியாவுல அந்தப் பேருல ஒரு தொறமுகம் இருக்குது. எலையை வெறகுப் பொகையில கட்டித் தொங்கவிட்டுப் பக்குவம் பண்றது. அதைப் பத்த வெச்சா, மாட்டுக்கு மூட்டம் போட்ட மாதிரி இருக்கும். மலையில கெடந்து ஊரு நெனப்பு வந்தா நான் தட்டத்துகிட்டக் குனிஞ்சு ஒரு மூச்சு மோந்துக்குவேன்.

இப்ப நெரப்பறதைப் பாரு. நீ என்ன பண்ணுனே, மூட்டைக்குப் பருத்தி மிதிக்கற மாதிரி கட்டை வெரல்ல திணிச்சே. அடுப்புல சந்து விடாம வெறகு அடைச்சா எரியுமா? வெள்ளைக்காரன் இதுக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கறான். மூணு சிட்டிகை. மொதச் சிட்டிகையை அப்படியே உதுத்து உட்டு, பச்சப்புள்ளை கையாட்டத் தொட்டும் தொடாம அமுக்கோணும். ரெண்டாவதைப் பொம்பளை கையாட்ட. மூணாவதை ஆம்பளை கையாட்ட. இதை ஒருக்கா உன்ற ஆத்தாகிட்டச் சொன்னேன். அவ மம்முட்டியைக் கீழ வெச்சுட்டு, "மூணாவது கைக்கு உங்களைக் கூப்புடறாங்களா, என்னையக் கூப்புடறாங்களா?" அப்படீன்னா. ஐம்பது வருசமாக் களை எடுத்த கை. அதனால நம்ம ஊட்டுல அந்தக் கணக்கு செல்லாது, நீ அளவை மட்டும் புடிச்சுக்க.

நெரப்புனதும் பத்த வெக்காம ஒருக்கா உறிஞ்சிப் பாரு. எளநியில குழல் போட்டு உறிஞ்சற மாதிரி லேசா ஒரு தடை தெரியோணும். காத்து சும்மா வந்தா லூசு. கன்னம் ஒட்டிக்கிட்டா எறுக்கம், கொட்டிட்டு மறுக்காப் போடு. தொரைக்கு அமுக்கறக்குன்னு ரைபிள் தோட்டாவோட காலிக்கூடு ஒண்ணு இருந்துச்சு. உனக்கு இந்தா, என்ற வெத்தலை இடிக்கற உலக்கை. பல்லுப் போனவன் சொத்து இது. அடி தட்டையா, கிண்ணத்துக்குள்ள சரியா எறங்குது பாத்தியா? சுண்ணாம்பு மட்டும் தொடைச்சுக்க.

குச்சியை ஒரசு. சித்தெ இரு, மருந்து எரிஞ்சு தீரட்டும், இல்லீன்னாக் கந்தக வாசம் உள்ளார போயிரும். இப்பச் சுத்தி வட்டமாக் காட்டு. பாரு, பொகையிலை பணியாரமாட்ட உப்பி எந்திரிக்குது. அது பத்துனது மாதிரி பாவலாப் பண்ணுது. உலக்கையில லேசா ஒரு தட்டு. அணைஞ்சிருச்சா? அணையட்டும், அது பொய் நெருப்பு. மறுக்கா இன்னொரு குச்சி. இது நெசம்.

இழுக்காதே! அங்கதான் நீ கெட்டே. உறிஞ்சி நெஞ்சுக்குள்ள அனுப்பறக்கு இது சிகரெட்டு இல்லே. சுடு காப்பியை ஓரத்துல ஒதடு வெச்சுக் குடிக்கறயே, அந்த மாதிரி, வாய்க்குள்ளயே வெச்சு வெளிய உடோணும். கிண்ணத்தைக் கன்னத்துல வெச்சுப் பாரு. சுட்டா நீ அவசரப்படறேன்னு அர்த்தம். அணைஞ்சு போனா மானம் போயிடாது, திலும்பப் பத்த வெய். தொரையே ஒரு கிண்ணத்துக்கு ஆறேழு குச்சி கிழிப்பாரு. கொரகொரன்னாக் குழாய்க்குள்ள ஈரத்தை எடுக்கோணும். உன்ற பையில பஞ்சுக் கம்பி கட்டுக் கட்டா இருக்குது. நாங்க கோழி எறகை விட்டு எடுத்தோம், கோழிதான் கொஞ்சம் சங்கடப்பட்டுச்சு.

நெஞ்சுக்குள்ள இழுக்கலீன்னா ஒண்ணும் ஆவாதுன்னு அந்தத் தாடிக்காரன் சொன்னானா? சொல்லுவான். ஒதடு, நாக்கு, தொண்டைன்னு புத்து நோய்க்குப் போற வழி எதையும் இது விட்டு வெக்கலே. வெத்தலையோட பொகையிலை போட்ட நான் சொல்றேன், எனக்குப் பேச வாயில்லே, பல்லும் இல்லே. அப்பறம், டீக்கடை முன்னால நின்னு ஸ்டைலாப் பத்த வெக்கலாம்னு கனாக் காணாதே. 2008-ல காந்தி பொறந்த நாளுல இருந்து பொது எடத்துல பொகை விட்டா 200 ரூபா வரைக்கும் தண்டம்.

இதெல்லாம் கை வேலை, ஒரு வாரத்துல வந்துரும். தொரை எதுக்குப் புடிச்சாருன்னு எனக்கு வெளங்கறக்கு ஒரு வருசம் ஆச்சு. ஆடி மாசம், மழை ஊத்திட்டு இருக்குது. கொழுந்து பறிக்கற பொம்பளைக ஒரு பத்துப் பேரு பங்களா வாசல்ல வந்து நிக்கறாங்க. கம்பளி கிழிஞ்சு போச்சு, புதுசு வேணும். காலுல அட்டை கடிச்ச ரத்தம் படியெல்லாம். தொரை வெராந்தாவுக்கு வந்தாரு. எல்லாத்தையும் கேட்டாரு. அப்பறம் ஜோப்புல இருந்து டப்பாவை எடுத்தாரு. ஒரு சிட்டிகை. அமுக்குனாரு. இன்னொரு சிட்டிகை. உறிஞ்சிப் பாத்தாரு, சரியில்லே, கொட்டுனாரு. மறுக்காப் போட்டாரு. குச்சி நமுத்திருந்துச்சு, என்னைய உள்ள அனுப்பி வேற வாங்குனாரு. பொய் நெருப்பு, நெச நெருப்பு. அதுக்குள்ள மழை வலுத்துச்சு. பின்னால நின்ன ரெண்டு பேரு புள்ளைக்குப் பாலு குடுக்கோணும்னு எறங்கிப் போயிட்டாங்க. மொதப் பொகை மேல போனப்ப எட்டுப் பேருதான் மிச்சம். "பாக்கலாம்"னாரு. அவங்களும் போயிட்டாங்க. மூணு ஆடி அப்படியே பாத்தாரு.

அன்னைக்கு எனக்குக் கோவம் வந்துச்சு. கீழ எறங்கி வந்தப்பறம் கோவம் போயிருச்சு, வித்தை மட்டும் நின்னுக்கிச்சு. நம்ம கையில பைப்புக்கு எங்க போறது, வெத்தலை இருக்குதே. தண்ணிப் பங்குச் சண்டையில ரெண்டு பக்கமும் என்ற மூஞ்சியைப் பாத்தா, காம்பு கிள்ளுவேன். நரம்பு உரிப்பேன். சுண்ணாம்பு காஞ்சிருக்கும், துளி தண்ணி கேப்பேன். பாக்கு வெட்டி எடுக்கறக்குள்ள பாதிப் பேரு அவனவனே ஒரு முடிவுக்கு வந்துருவான். பெரியவரு நல்ல ஞாயம் சொன்னாருன்னு ஊருல பேரு. நான் ஒண்ணுமே சொல்லலேன்னு உன்ற ஆத்தாளுக்கு மட்டுந்தான் தெரியும்.

என்ன கண்ணு, நெளியறே? நாக்கு எரியுதா? காத்தால பல்லு வெளக்காம நீ கெழக்கு வரப்புல நின்னு நாலு மூலையும் போட்டோ புடிச்சதைப் பாத்தேன். உங்கொப்பன் ரெண்டு தடவை போன் பண்ணி, "கேட்டியா, கேட்டியா"ன்னதும் காதுல உழுந்துச்சு. எனக்குப் பல்லுத்தான் போச்சு, காது நல்லாத்தான் இருக்குது. கேளு, பரவால்லே.

ஓ. கெழக்க இருக்கற ரெண்டு ஏக்கராவா. பெங்களூருல பிளாட்டுக்கு முன்பணம். அப்படியா. பட்டா யாரு பேருல இருக்குதுன்னா கேக்கறே?

அந்தப் பைப்பை இங்க குடு. டப்பாவையும். வெளிச்சத்துக்குக் கொஞ்சம் தள்ளி உக்காரு. மொதச் சிட்டிகை, பச்சப்புள்ளை கை... ம்கூம், எறுக்கமாப் போச்சு, கொட்டீட்டு மறுக்காத்தான் போடோணும். சித்தெ இரு கண்ணு. குச்சி வேற நமுத்துக் கெடக்குதாட்ட இருக்குது, உன்ற ஆத்தாகிட்டக் கேட்டு வேற பெட்டி வாங்கியா.